எரித்த கொக்குகளைத் திருப்பிக் கேட்டார்கள்

அந்தப் புதன்கிழமை மதியம் ஊர்ப் பொதுமன்றத்தின் மாடி அறையில் இருந்தவர்கள்:

காகித மடிப்பு வகுப்பு நடத்தும் அனசாவா டீச்சர். அவர் எப்போதும் நின்றுகொண்டுதான் இருப்பார். யார் எந்த மேஜை என்று கைத்திறன் பார்த்து அவர்தான் சொல்வார், மூன்றாவதுதான் உச்சம்.

மூன்றாவது மேஜையில் தொகுநாகா, நில அளவை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், நகத்தளவுத் தாளில் கொம்பு வண்டு மடிப்பவர். அவருக்குப் பக்கத்தில் காது கேட்காத உபுகாதா அம்மாள். அந்த அம்மாள் மடிக்கும் வண்டுக்கு இறக்கைக்கு அடியில் இன்னொரு இறக்கையும் இருக்கும்.

இரண்டாவது மேஜையில் பொதுக்குளியல் கூடத்தில் சீட்டுக் கொடுக்கும் ஃபுகாமி. அதே மேஜையில், ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளாத ஒரு கணவன் மனைவி.

முதல் மேஜையில் டோஃபு கடை வைத்திருக்கும் குவாபாரா. அவருக்கு எதிரே ஹொசோகாய் மினோரு, ஐம்பத்து நான்கு வயது, நான்கு வருடமாக அதே நாற்காலி.

குளிர்காயும் ஸ்டவ்வுக்கு மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்த மன்றத்துக் காவலாளி நெமோட்டோ.

டீச்சர் வாயைத் திறக்கும் வரை ஒன்பது பேரும் நிம்மதியாக இருந்தார்கள். திறந்த பிறகு எட்டுப் பேர்.

“ஹொசோகாய்-சான், நீங்க ஆஸ்பத்திரியில இருந்தப்போ குணமாகணும்னு வேண்டிக்கிட்டு நாங்க ஆயிரம் காகிதக் கொக்கு மடிச்சுக் கொண்டுவந்தோமே, அதை ஒரு வாரத்துக்குக் கொடுங்க. மார்ச் கடைசியில கண்காட்சி. நடுவுல தொங்கவிடலாம்னு இருக்கேன்.”

“அதுக்கென்ன, தாராளமா” என்றார் ஹொசோகாய். நவம்பரில் பித்தப்பையை எடுத்த இடம் சில்லிட்டது.

“அடி வரிசையில பொடிசா இருக்குமே, அது என்னோடது. கவனிச்சீங்களா?” என்றார் தொகுநாகா.

“தினமும் பார்க்கறேன்.”

“எங்க மாட்டியிருக்கீங்க?”

“ஜன்னல்கிட்ட.”

“ஐயையோ! சாயம் போயிடுமே!”

“வெயில் வராத ஜன்னல்.”

குவாபாரா தாளிலிருந்து தலையைத் தூக்கினார். “என்னுதைத் தேடவே வேணாம். வாத்து மாதிரி இருக்கும். அதை உள்பக்கமாக் கோத்துடுங்கன்னு டீச்சர்கிட்ட கெஞ்சினேன், கேக்கல.”

எல்லோரும் சிரித்தார்கள். ஹொசோகாயும் சிரித்தார். அந்த ஆயிரம் கொக்குகளும் மூன்று வாரத்துக்கு முன்பு சாம்பலாகிவிட்டிருந்தன.

இருபத்தைந்து சரம், சரத்துக்கு நாற்பது கொக்கு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் தொங்கியபோது அழகாகத்தான் இருந்தது. இரண்டு அறை வீட்டில் அதற்கு இடமில்லை. அலமாரியில் வைத்தால் போர்வை எடுக்கும்போதெல்லாம் மனைவி சயோகோவின் தலையில் விழுந்தது. குப்பையில் போட வழியில்லை. ஊர்க் குப்பைப் பைகள் கண்ணாடி போல உள்ளே இருப்பதைக் காட்டுபவை. நோயாளிக்காக ஏழு பேர் மடித்த கொக்குகள் மீன் எலும்புக்கு நடுவே தெரிந்தால், தெருவில் எந்த முகத்தோடு நடப்பது? அதனால் ஜனவரியில், புத்தாண்டு வைக்கோல் தோரணங்களைக் கோயில் முற்றத்தில் எரிக்கும் நாளில், அவரும் பையோடு போய் வரிசையில் நின்றார். கும்பிட்டார். எரித்தார். வீட்டுக்கு வந்து போர்வையை நிம்மதியாக எடுத்தார்.

உண்மையைச் சொல்லிவிடலாம்தான். சொன்னால் மறு புதன்கிழமை அந்த அறைக்குள் நுழைய முடியாது. யாரும் திட்ட மாட்டார்கள். புன்னகைப்பார்கள். அதன் பிறகு யாரும் எதுவும் பேச மாட்டார்கள். ஹொசோகாய் வேலை பார்ப்பது, கார்களை லிஃப்டில் ஏற்றி அடுக்கும் பார்க்கிங் ஒன்றில், ஒரு ஆள் உட்காரும் கண்ணாடிக் கூண்டில். கார்காரர்கள் அவரை “பார்க்கிங்” என்று கூப்பிடுவார்கள். மனைவி “ஏங்க” என்பாள். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் இடம் உலகத்தில் அந்த மாடி அறை ஒன்றுதான். அதை இழக்க அவர் தயாராக இல்லை.

“எரிச்சிட்டேன்னு சொல்லிடுங்க” என்றாள் சயோகோ, முள்ளங்கி நறுக்கிக்கொண்டே.

“எப்படிச் சொல்றது?”

“வாயாலதான். இல்லாட்டி நான் போன் பண்ணிச் சொல்லவா?”

“வேணாம். கடையில ரெடிமேடா கிடைக்குது. ஆயிரம் கொக்கு, கோத்தே அனுப்பறாங்க.”

“அப்ப அதை வாங்கி மாட்டிட்டு வாங்க. எனக்கென்ன.”

நான்காம் நாள் பெட்டி வந்தது. திறந்தபோது ஹொசோகாய்க்கு உயிர் வந்தது. உற்றுப் பார்த்தபோது போய்விட்டது. ஆயிரமும் ஒன்றே போல இருந்தன. ஒரே அளவு, ஒரே மூக்கு, ஒரே வால். ஏழு கைகள் மடித்ததில் ஒன்று நெளிந்திருக்கும், ஒன்று பொடிசாக இருக்கும், ஒன்று வாத்தாக இருக்கும். இதில் வாத்தே இல்லை. டீச்சர் வாசலிலிருந்தே கண்டுபிடித்துவிடுவார்.

“சரி, இதை என்ன பண்ணப் போறீங்க?” என்றாள் சயோகோ.

ஹொசோகாய் பெட்டியை மூடினார். இதையும் குப்பையில் போட முடியாது. அடுத்த எரிப்பு அடுத்த ஜனவரியில்தான்.

“ஒரு ஆயிரத்தை ஒழிக்கிறதுக்குக் கோயில் வரைக்கும் போனோம். இப்ப புது ஆயிரம் வந்து உக்காந்திருக்கு. உங்க மூளையையும் பித்தப்பையோட சேர்த்து எடுத்துட்டாங்களா?”

அது மறுபடி அலமாரிக்குள் போனது. மறுநாளே அவள் தலையில் விழுந்தது.

வேறு வழியில்லை. ஏழு பேருடைய கையையும் தானே மடிப்பது என்று முடிவு செய்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் சரத்தைப் பிடித்துக்கொண்டு இளிக்கும் படம் போனில் இருந்தது. அதைப் பெரிதாக்கிப் பார்த்து எந்த நிறம் எந்த வரிசை என்று எழுதிக்கொண்டார். ஏழு வாரம், ஆயிரம் கொக்கு. நாளைக்கு இருபதுக்குக் கொஞ்சம் கூட. கூண்டில் கார் வராத நேரம் ஏராளம்.

முதலில் குவாபாராவின் வாத்துகளை மடித்துவிடலாம் என்று நினைத்தார். அவை தன்னால் மடிக்கக்கூடியவை, அவர் மடிக்கும் கொக்கும் வாத்து போலத்தான் இருக்கும். எப்போது வேண்டுமானாலும் மடிக்கலாம் என்று கடைசிக்குத் தள்ளினார். அது தப்பு. அப்போது அவருக்குத் தெரியவில்லை.

கஷ்டம் தொகுநாகாவுடையதில் இருந்தது. ஓர் அங்குலத் தாள். ஹொசோகாயின் கட்டைவிரல் அதைவிடப் பெரியது. மூன்று நாளில் பதினொரு கொக்கு மடித்தார். பதினொன்றும் மென்று துப்பியது போல இருந்தன. வேறு வழியின்றி தொகுநாகாவிடமே போய் நின்றார்.

“சின்னத் தாள்ல மடிக்கக் கத்துக்கலாம்னு ஆசை.”

“திடீர்னு?”

“சும்மா. ஒரு ஆர்வம்.”

தொகுநாகா அவரை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு பையிலிருந்து ஒரு சின்ன இடுக்கியை எடுத்தார். “விரலால மடிக்கக் கூடாது. நகத்தால அழுத்தணும். மூச்சை அந்தப் பக்கம் விடுங்க, தாள் பறந்துடும். அவசரப்பட்டா கழுத்து கோணும். உங்களுக்கு ஒண்ணும் அவசரம் இல்லையே?”

“ஒரு அவசரமும் இல்ல” என்றார் ஹொசோகாய். நாற்பத்தோரு நாள் இருந்தது.

தொகுநாகா நல்ல மனிதர். வாரத்தில் மூன்று நாள் பார்க்கிங் கூண்டுக்கே வந்து வெளியே பனியில் நின்று, கண்ணாடியின் சின்ன ஓட்டை வழியாகச் சொல்லிக்கொடுத்தார். கார்காரர்கள் ஹாரன் அடித்தார்கள்.

“யோவ் பார்க்கிங், என் காரை இறக்கறியா, இல்ல நான் டாக்ஸியில போகவா?”

“ஒரே நிமிஷம். வால் வந்துடும்.”

“எது வரும்?”

இரண்டாவது வாரம் தொகுநாகா சொன்னார்: “ஒருநாள் உங்க வீட்டுக்கு வர்றேன். சரம் எப்படித் தொங்குதுன்னு பார்க்கணும். கயிறு முறுக்கிக்கிட்டா கண்காட்சியில நல்லா இருக்காது.”

“வீட்டுல இல்லை” என்றார் ஹொசோகாய். அதற்கு மேல் என்ன சொல்வது என்று அவருக்கே தெரியாது. வாய் தானாக ஓடியது. “மாமியாருக்கு உடம்பு சரியில்ல. அவங்ககிட்ட கொடுத்திருக்கேன். பார்த்துக்கிட்டே இருந்தா தெம்பா இருக்குங்கறாங்க.”

நிம்மதியாக இருந்தது. அடுத்த புதன்கிழமை வரை இருந்தது.

அன்று மாடி அறைக்குள் நுழைந்தபோது எல்லோரும் ஒரே நிறத் தாளை மடித்துக்கொண்டிருந்தார்கள். பேசிக்கொள்ளாத கணவன் மனைவிகூட ஒரே பெட்டியிலிருந்து தாள் எடுத்தார்கள்.

“உங்க மாமியாருக்குத்தான்” என்றார் ஃபுகாமி, கண் கலங்க. “உங்களுதைக் கடன் கொடுத்துச் சமாளிக்கணுமா? அவங்களுக்குன்னு தனியா ஒரு ஆயிரம் மடிச்சுடலாம்னு பேசிட்டோம். என்ன வியாதி?”

“டாக்டருங்களுக்கே தெரியல.”

“ஐயோ பாவம்!” என்றார் ஃபுகாமி. மடிக்கும் வேகம் கூடியது.

வீட்டில் போன் அடித்துக்கொண்டிருந்தது. சயோகோ எடுத்து, கேட்டு, வைத்துவிட்டுத் திரும்பினாள்.

“எங்கம்மா பேசினாங்க. டோஃபு கடைக்காரர் சூப் கொண்டுபோய்க் கொடுத்திருக்காரு. ‘தைரியமா இருங்க, மனசைத் தளர விடாதீங்க’ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதிருக்காரு. எங்கம்மா அப்போ வெள்ளரித் தோட்டத்துல கூடாரம் அடிச்சுக்கிட்டு இருந்தாங்களாம். அவங்களுக்கு என்ன வியாதி?”

“இன்னும் முடிவு பண்ணல.”

“ஏங்க, எங்கம்மா பயந்துபோய் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிட்டாங்க. டாக்டர் நம்மகிட்ட எதையோ சொல்லியிருக்காரு, நாமதான் மறைக்கிறோம்னு நினைக்கிறாங்க.”

இதை உடனே நிறுத்த வேண்டியிருந்தது. மறுநாளே ஹொசோகாய் டீச்சருக்குப் போன் செய்து, மாமியார் முழுக்கக் குணமாகிவிட்டார் என்று சொன்னார். நல்ல வேளை, அது உண்மை. ஆஸ்பத்திரியிலும் அதையேதான் எழுதிக் கொடுத்திருந்தார்கள். மடிப்பதை நிறுத்தினார்கள். முந்நூற்றுச் சொச்சத்தில் நின்றது. ஒரு நாள் முழுக்க அவர் சந்தோஷமாக இருந்தார்.

மறுநாள் கூண்டின் கண்ணாடியைத் தொகுநாகா தட்டினார். “குணமாயிட்டாங்களாமே! நம்ம கொக்கு சும்மா இல்ல, பார்த்தீங்களா? அப்ப சரம் திரும்பி வந்திருக்குமே. சாயங்காலம் வரட்டுமா?”

“மார்ச் பாதியில முன்னோருங்க கல்லறையைக் கும்பிட சொந்தக்காரங்க எல்லாம் வருவாங்க. அவங்களுக்குக் காட்டிட்டுத் தர்றேன்னு மாமியாரே வெச்சுக்கிட்டாங்க.”

“அதுவும் சரிதான்” என்றார் தொகுநாகா. கொஞ்சம் யோசித்தார். “அப்ப அதுவரைக்கும் இதைப் பழகுங்க” என்று முக்கால் அங்குலத் தாள் கட்டு ஒன்றை ஓட்டை வழியாகத் தள்ளிவிட்டுப் போனார்.

இதற்கு நடுவே ஒரு விஷயம் நடந்திருந்தது. ஹொசோகாய்க்குக் கை வந்துவிட்டது. எந்த நாளில் என்று தெரியவில்லை. ஓரத்தோடு ஓரம் தானாகப் போய் உட்கார்ந்தது. ஃபுகாமியின் கொக்குகள் ஒரு பக்கம் தலை சாய்க்கும், சாய்த்தார். கணவனுடைய கொக்குகளுக்கு இறக்கை அகலம், மனைவியுடையதற்கு வால் கூர்மை. உபுகாதா அம்மாளுடையதில் கழுத்து மடிப்பு மயிரிழைதான் இருக்கும். டீச்சருடையதைப் படத்தில் எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் குறை தெரியாது. அதையும் மடித்தார். கார் வந்தால் எரிச்சலாக இருந்தது. வீட்டுக்குப் போக வேண்டிய நேரத்தில் இன்னும் ஒன்று என்று உட்கார்ந்தார். பொய்க்காக மடிக்கிறோம் என்பது சில சமயம் மறந்தே போனது. பிறகு ஞாபகம் வந்து தாளைத் தள்ளி வைத்தார், கொஞ்ச நேரத்தில் மறுபடி எடுத்தார்.

கண்காட்சிக்கு மூன்று நாள் இருக்கும்போது தொள்ளாயிரத்து நாற்பது முடிந்திருந்தது. மிச்சம் அறுபது. குவாபாராவின் வாத்துகள்.

ஹொசோகாய் ஒரு தாளை எடுத்தார். மடித்தார். கொக்கு வந்தது. அழகான கொக்கு.

இன்னொன்று எடுத்தார். வேண்டுமென்றே ஓரத்தைத் தள்ளி வைத்தார். விரல் தானாகச் சரி செய்தது. இடது கையால் மடித்தார், கொக்கு வந்தது. பனிக்கு வைத்திருந்த கம்பளிக் கையுறையைப் போட்டுக்கொண்டு மடித்தார், கொஞ்சம் நேரம் பிடித்தது, கொக்கு வந்தது. ஓடும் பஸ்ஸில் நின்றுகொண்டு மடித்தார். பக்கத்து சீட்டுக்காரர் கைதட்டினார். மூன்று கிண்ணம் சாக்கே மது குடித்துவிட்டு மடித்தார். அது எல்லாவற்றையும்விட நன்றாக வந்தது.

மேஜை முழுக்கக் குறையில்லாத கொக்குகளைப் பரப்பிவிட்டு ஹொசோகாய் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“இப்ப என்ன?” என்றாள் சயோகோ.

“நல்லா வருது.”

“அதுக்கு ஏன் இழவு வீட்டுல உக்காந்த மாதிரி உக்காந்திருக்கீங்க?”

“மோசமா வரணும். எனக்கு வரல. நாலு வருஷமா நான் அப்படித்தான் மடிச்சேன், இப்ப மறந்துபோச்சு.”

சயோகோ ஈரக் கையை இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டாள். “குடுங்க இப்படி.”

அவள் பிறந்ததிலிருந்து ஒரு கொக்கை ஒழுங்காக மடித்ததில்லை. பள்ளியிலேயே அதற்குத் திட்டு வாங்கியவள். நாக்கைக் கடித்துக்கொண்டு மடித்தாள். நடுவில் ஒரு படியை விட்டாள். பிறகு அதைப் பின்னால் செருகினாள். எழுந்து நின்றது ஒரு வாத்து. பசித்த வாத்து.

ஹொசோகாய் அதைக் கையில் வைத்துப் பார்த்தார். அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. “சயோகோ, அப்படியே! அப்படியே அவரோட கை!”

“இது பாராட்டா?”

“இன்னும் அம்பத்தொம்போது.”

“நான் ஒண்ணும் உங்களுக்காகப் பண்ணல” என்றாள் அவள். “இது முடிஞ்சாத்தான் மேஜையில சாப்பாடு வைக்க முடியும்.”

ஐம்பத்தொன்பதையும் அவள்தான் மடித்தாள். நாற்பதுக்கு மேல் ஒன்றிரண்டு கொக்கு போல வர ஆரம்பித்தபோது ஹொசோகாய் பதறிப்போய்த் தடுத்தார். அவள் கோபித்துக்கொண்டாள்.

மார்ச் மாதத்துக் கடைசிப் புதன்கிழமை, இருபத்தைந்து சரங்களையும் பெரிய துணியில் சுற்றிக்கொண்டு மாடி ஏறினார். அறை நடுவே கொக்கி தயாராக இருந்தது. டீச்சர் நாற்காலி மேல் ஏறி மாட்டினார். சரங்கள் அவிழ்ந்து விழுந்து மெல்ல ஆடின. ஹொசோகாயின் சட்டை முதுகில் ஒட்டியது.

ஃபுகாமி கிட்டே போனார். “இதோ என்னோடது. தலை சாஞ்சிருக்கு பாருங்க.”

கணவன் ஒரு கொக்கைத் தொட்டான். மனைவி அதற்குப் பக்கத்துக் கொக்கைத் தொட்டாள்.

தொகுநாகா மூக்குக் கண்ணாடியை மாற்றிக்கொண்டு அடி வரிசையில் குனிந்தார். வெகு நேரம் குனிந்தே இருந்தார். “பிரமாதம்” என்றார். “இதை மடிச்சவன் கையைக் கும்பிடணும்.”

“தன் கையைத் தானே கும்பிட்டுக்குறாரு பாரு!” என்றார் ஃபுகாமி. தொகுநாகா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

உபுகாதா அம்மாள் சரத்தைப் பார்க்கவில்லை. ஹொசோகாயின் வலது கையைப் பிடித்துத் திருப்பி, தேய்ந்துபோன கட்டைவிரல் நகத்தைப் பார்த்துவிட்டு, இரண்டு முறை தட்டிக்கொடுத்தார்.

குவாபாரா மட்டும் தன் வாத்துச் சரத்தின் முன் அசையாமல் நின்றார். நெற்றி சுருங்கியது.

“இது நான் மடிச்சது இல்ல.”

ஹொசோகாய் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“இவ்வளவு நல்லா நான் எப்ப மடிச்சேன்? டீச்சர், சும்மா சொல்லாதீங்க, நீங்கதானே சரி பண்ணீங்க?”

சிரிப்பு அடங்கியதும் டீச்சர் நாற்காலியிலிருந்து இறங்கினார். “ஹொசோகாய்-சான், அடுத்த வாரத்துலேருந்து நீங்க மூணாவது மேஜை.”

“நானா? ரெண்டாவதுக்கே இன்னும்...”

“மூணாவது.”

ஃபுகாமிக்கு முகம் சிவந்தது. “டீச்சர், நான் பதினோரு வருஷமா ரெண்டாவது மேஜையில இருக்கேன். ஒரு நாள் லீவு போட்டதில்ல. ஒரு தும்மல்கூட போட்டதில்ல. எனக்கு என்ன குறை?”

“உங்களுக்கு ஒரு குறையும் இல்ல, ஃபுகாமி-சான்” என்றார் டீச்சர். “அதுதான் பிரச்சினை.”

எல்லோரும் போன பிறகும் ஹொசோகாய் நின்றுகொண்டிருந்தார். தப்பித்துவிட்டோம் என்று தெரிந்தது. கால்கள் லேசாக இருந்தன. ஆனால் மூன்றாவது மேஜையில் ஒரு பொய்யோடு போய் உட்கார வேண்டும். நெமோட்டோ ஸ்டவ்வை அணைத்துவிட்டுச் சாவிக்கொத்தோடு வந்தார்.

“கிளம்பலையா ஹொசோகாய்-சான்? பூட்டணும்.”

“நெமோட்டோ-சான், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். யார்கிட்டயாவது சொல்லாட்டி இன்னொரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போயிடுவேன். அந்தச் சரம் அவங்க மடிச்சது இல்ல. அதை ஜனவரியிலேயே எரிச்சுட்டேன்.”

நெமோட்டோ விளக்கை அணைத்தார். ஹொசோகாயின் முதுகில் கை வைத்து அவரை மெதுவாகத் தாழ்வாரத்துக்கு நகர்த்தினார்.

“கோயில்லயா? நீங்க பரவாயில்ல. தொகுநாகா-சான் தனக்கு உடம்பு சரியில்லாதப்போ கிடைச்ச ஆயிரத்தை ஆத்துல விட்டாரு, அந்த உபுகாதா அம்மா அவங்களுதைப் பதியம் போடற குழியில புதைச்சாங்க, நம்ம டீச்சர் பக்கத்து ஊர்க் குப்பையில போட்டாங்க, எல்லாரும் இப்படி பூட்டற நேரத்துல என்கிட்ட வந்துதான் சொல்லுவாங்க. ஆயிரத்தையும் மறுபடி மடிச்சுக் கொண்டுவராம அந்த மூணாவது மேஜைக்கு இதுவரைக்கும் ஒருத்தரும் போனதில்ல.”

இருவருக்கும் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினார்.